ஸேரோ ஃபோத்

அண்ணன் துலோனிலிருந்து எழுதிய கடிதங்களின் அடுத்த பகுதி எங்கே என்று சிலர் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன், தன் பழைய லேப்டாப்பில் உபுண்டுவும் வி.எஸ். கோட் என்ற எடிட்டரும் போட்டுக் கொடுத்திருந்தான். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர் அது. நான் அதில் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறேன். கீழ்ப்பாதியில் டெர்மினல் என்று ஒரு கட்டம் திறக்கும். அதற்குள் ஷெல் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாம் எழுதிக் கொடுக்கும் உத்தரவை நிறைவேற்றுவது அவர் வேலை. நகலெடுப்பதற்காகப் பேரன் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி வைத்திருந்தான். அதை ஓட்டினால் அன்றைய வேலை பென்டிரைவுக்குப் போகும், கடைசியில் 'முடிந்தது' என்று தமிழிலேயே வரும். பிறகு கன்ட்ரோல் டி அழுத்தினால் கட்டம் மூடிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் மூடும்போது மூலையில் ஓர் அறிவிப்பு எழுந்தது. டெர்மினல் 1 என்ற எக்ஸிட் கோடுடன் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. பதறிப்போய்ப் பேரனுக்குப் போன் போட்டேன்.

"தாத்தா, கடைசியா என்ன கமாண்ட் கொடுத்தீங்க?"

நகலெடுத்த பிறகு, ஒரு சொல்லை எங்காவது தப்பாக அடித்திருக்கிறேனா என்று கிரெப் என்ற கட்டளையால் தேடினேன், எங்கும் இல்லை என்றேன். சிரித்தான். லினக்ஸில் எந்தக் கட்டளையும் வேலை முடிந்து போகும்போது 0 முதல் 255 வரை ஓர் எண்ணை விட்டுச் செல்லுமாம். சரியாக முடிந்தால் 0. தேடியது கிடைக்காவிட்டால் கிரெப் 1 விடும். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றால் 127. கன்ட்ரோல் சி அடித்தால் 130. நாம் மூடும்போது ஷெல் கடைசிக் கட்டளையின் எண்ணையே தன் எண்ணாகச் சொல்லிவிட்டுப் போகும். 0 என்றால் எடிட்டர் பேசாமல் மூடும், வேறு எதுவானாலும் அறிவிப்புக் காட்டும். தப்பான சொல் ஒன்றுகூட இல்லை என்ற நல்ல செய்திக்குத்தான் நான் பயந்திருக்கிறேன்!

0 எப்படி நல்ல எண்ணாகும் என்று அவனிடம் கேட்கவில்லை. என்னைப் போல் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு அது தெரியும். டிக்தே எழுதி முடித்ததும் வாத்தியார் பிழைகளை எண்ணுவார். ஸேரோ ஃபோத் என்றால் இருபதுக்கு இருபது. எனக்கு அது வாழ்நாளில் இரண்டே முறை கிடைத்தது. அண்ணனுக்கு வாராவாரம் கிடைக்கும்.

அறிவிப்பு தொந்தரவாக இருந்தால் செட்டிங்கில் நிறுத்திவிடலாம் என்றான். நிறுத்தச் சொன்னேன். அது என் முதல் தப்பு.

செப்டம்பரில் பழைய பென்டிரைவ் எங்கோ தொலைந்தது. கடையில் புதிதாக ஒன்று வாங்கிச் செருகினேன். தினமும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். தினமும் 'முடிந்தது' வந்தது. அண்ணன் மகள் பிரான்சில் இருக்கிறாள். அப்பாவின் கையெழுத்து தன்னிடம் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்ததால், அடித்து முடித்த கடிதங்களைக் கட்டுக்கட்டாக அவளுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. கடையில் கையை விரித்துவிட்டார்கள். பென்டிரைவ்தான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். செருகிப் பார்த்தால் காலி.

உபுண்டுவில் பென்டிரைவ் அதன் பெயரில்தான் திறக்கும். ஸ்கிரிப்டில் இருந்தது பழைய பெயர். புதியதற்கு வேறு பெயர். அதனால் நகலெடுக்கும் கட்டளை தினமும் தோற்றது. ஆங்கிலத்தில் ஒரு வரி முனகிவிட்டுத்தான் தோற்றது, நான் கடைசி வரியை மட்டும் பார்த்துப் பழகிவிட்டேன். ஸ்கிரிப்ட் அதோடு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய் 'முடிந்தது' என்று எழுதியது. எழுதும் வேலை சரியாக நடந்ததால் ஸ்கிரிப்டின் எண்ணும் 0 ஆகிவிட்டது. அறிவிப்பை நிறுத்தாமல் இருந்தாலும் அது வந்திருக்காது என்று பேரன் ஆறுதல் சொன்னான். ஆறுதலா அது?

அலுவலகத்தில் இப்படி ஒரு பிரிவு எழுத்தரைப் பார்த்திருக்கிறேன். வந்த கடிதத்துக்குப் பதில் போயிற்றா என்று பார்க்கவே மாட்டார். பதிவேட்டில் மட்டும் முடிந்ததாகக் குறித்துவிடுவார். அவர் பதிவேடு எப்போதும் சுத்தமாக இருக்கும்.

போனவை பதினொரு கடிதங்கள். அண்ணன் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவளைத் தொந்தரவு செய்ய வேண்டியிருந்தது. பாவம், ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து அனுப்பினாள். ஒன்பது கடிதங்களைப் படிக்க முடிகிறது. மற்ற இரண்டும் மெல்லிய தாளில் இருபுறமும் எழுதியவை, பின்பக்க மை முன்பக்கம் ஊறியிருக்கும். இங்கே இருந்தபோது மாடி வெயிலில் தாளைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு சொல்லாகக் கண்டுபிடித்தேன். படத்தில் அது முடியவில்லை. அவற்றில் ஒன்று அம்மா தவறியபோது வர முடியாமல் அண்ணன் எழுதியது. பாதிக்கு மேல் எனக்கு மனப்பாடம், ஆனால் ஞாபகத்திலிருந்து எழுதினால் அது அண்ணன் கடிதம் ஆகாது. ஜூலையில் அவள் வருகிறாள். தாளோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

பேரன் மிகவும் வருத்தப்பட்டான். இப்போது நகலெடுக்கும் வரிக்கும் 'முடிந்தது' என்ற வரிக்கும் நடுவே இரண்டு ஆம்பர்சண்ட் குறி போட்டிருக்கிறான். முன்னது 0 விட்டால்தான் பின்னது நடக்குமாம். நகல் தோற்றால் அந்த எண்ணே கடைசியாக நிற்கும். உடனே கட்டத்தை மூடினால் அறிவிப்பு வரும். அதைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். சொல் தேடும் வேலையை நகலெடுப்பதற்கு முன்பே முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் கிரெப்பின் எண் நகலின் எண்ணை மூடிவிடும். அதன் பிறகும் பென்டிரைவைத் திறந்து ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

அடுத்த வாரம் முதல் அந்த ஒன்பது கடிதங்களையும் போடுகிறேன்.