வரிசையில் நிற்பதற்கு முன்

அமெரிக்காவில் விமானிகளுக்காக நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களிலிருந்து கையில் வேலையோடு திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. கதவு திறக்கும் முன்பே வெளியில் வரிசை நீண்டிருக்கும். கறுப்புக் கோட்டு, மினுக்கிய ஷூ, ஒற்றைப் பக்க ரெஸ்யூமே. மணிக்கணக்கில் நின்ற பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசக் கிடைப்பது மூன்று நிமிடமோ, ஐந்து நிமிடமோ. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். பிற்பாடு என் நிறுவனத்தின் சார்பில் மேசைக்குப் பின்னாலும் நின்றிருக்கிறேன். ‘போகலாமா, வேண்டாமா?’ என்று கேட்கும் இளம் விமானிகளுக்கெல்லாம் ஒரே பதிலை என்னால் சொல்ல முடிவதில்லை. யார், எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

அந்த மூன்று நிமிடத்துக்கு ஏன் இத்தனை பேர் அலைகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமான நிறுவனங்களில் எல்லாம் சீனியாரிட்டி எண்தான். எந்த ஊரைத் தளமாகக் கொண்டு பறப்பது, எந்த வகை விமானம், எப்போது கேப்டன், கிறிஸ்துமஸ் அன்று வீட்டிலா ஓட்டலிலா, எல்லாவற்றையும் சேர்ந்த தேதிதான் தீர்மானிக்கிறது. ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார். இருபது வருடம் கேப்டனாக இருந்தவரும் வேறு நிறுவனத்துக்கு மாறினால் பட்டியலின் அடியில்தான் நிற்க வேண்டும். ஆள் எடுக்கும் வேகம் கூடியிருக்கும் காலத்தில் ஒரு பெரிய நிறுவனம் மாதம் நூறு பேருக்கு மேல் சேர்க்கும். இரண்டு மாதம் தள்ளிச் சேர்ந்தவருக்கு முன்னால் இருநூறு பேர் நிற்பார்கள், 65 வயதில் ஓய்வு பெறும்வரை அவர்களில் பெரும்பாலோர் முன்னால்தான் நிற்பார்கள். முகாம் நேர்காணல் அழைப்பை ஒரே ஒரு மாதம் முன்னால் இழுத்தால்கூட, ஓட்டல் வாடகையும் நுழைவுக் கட்டணமும் ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் எல்லாருடைய அழைப்பையும் முகாம் முன்னால் இழுத்துவிடாது. மேசைக்குப் பின்னால் நின்றபோதுதான் இது எனக்கு முழுதாக விளங்கியது.

விண்ணப்பம் ஏற்கெனவே இணையத்தில் போடப்பட்டிருக்கும். அதில் பறந்த மணிநேரம், படிப்பு, தேர்வுகளில் தவறியது, பழைய வேலைகள் எல்லாம் இருக்கும். மேசையில் இருப்பவர் செய்வதெல்லாம் அந்தக் கோப்போடு ஒரு குறிப்பைச் சேர்ப்பதுதான். சில நிறுவனங்களில் அது ஒரு மதிப்பெண், சிலவற்றில் இரண்டு வரி. என்னைப் போன்ற தன்னார்வ விமானிகள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, ‘இவரைப் பாருங்கள்’ என்று எழுதலாம், அவ்வளவே. எனவே கோப்பே இல்லாதவருக்கோ, பாதி நிரப்பி வைத்திருப்பவருக்கோ எங்களால் எதுவும் செய்ய முடியாது. தகுதிகளை எப்போதோ தாண்டி, எப்படியும் அழைக்கப்படப் போகிறவருக்கும் எங்கள் குறிப்பு பெரிதாக உதவாது. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. மணிநேரம் போதும், விண்ணப்பம் முழுமை, ஆனால் அதே போன்ற ஆயிரம் கோப்புகளுக்கு இடையில் கிடப்பவர்கள். அல்லது கோப்பில் ஏதோ ஒன்று உறுத்துகிறது, அதை ஒரு மனிதரிடம் வாயால் விளக்கினால் சரியாகும் என்ற நிலையில் இருப்பவர்கள். முகாம் இவர்களுக்கானது.

இந்த உறுத்தல் பெரும்பாலும் ‘செக்ரைட்’ தோல்வி. பயிற்சிக் காலத்தில் ஒரு பறத்தல் தேர்வில் தவறியிருப்பார்கள். மேசையில் அதை மறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு, தேர்வாளரைத் திட்டுபவர்களும் உண்டு. இரண்டும் எடுபடாது. ‘இன்ஸ்ட்ருமென்ட் தேர்வில் காத்திருப்பு வட்டத்துக்குள் தப்பான பக்கமாக நுழைந்தேன், திரும்பப் பயிற்சி எடுத்து அடுத்த வாரம் தேறினேன், அதன்பின் எதிலும் தவறவில்லை’ என்று நேராகச் சொல்பவருக்கு நான் குறிப்பு எழுதியதுண்டு. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். மீதி நேரத்தில் இவரோடு நான்கு நாள் காக்பிட்டில் உட்கார முடியுமா என்றுதான் பார்ப்போம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த மேசையை எட்டிப் பார்ப்பவரை, எத்தனை ஆயிரம் மணிநேரம் பறந்திருந்தாலும், நினைவு வைத்துக்கொள்கிறோம், நல்ல விதமாக அல்ல.

சந்தையின் போக்கையும் பார்க்க வேண்டும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதையொட்டி வந்த சட்டத்தால், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவும் பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும் என்று 2013இல் ஆனது. ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு 750, விமானவியல் பட்டத்தோடு வருபவர்களுக்கு 1,000 என்று சலுகை உண்டு. பெருந்தொற்றில் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள், பயணிகள் திரும்பியபோது ஆள் போதவில்லை. 2022இல் சிறு விமானங்களை இயக்கும் ரீஜனல் நிறுவனங்கள் போனஸ் கொடுத்து ஆள் பிடித்தன. அப்போது 1,500ஐத் தொட்டவர் ரீஜனல் மேசையில் வரிசை நிற்பது வீண்வேலை. 2024இல் விமானங்கள் வந்து சேர்வது தாமதமாக, சில நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தன, சில நிறுத்தின. ஆனால் ஸ்டாலுக்கான இடத்தை வெகு முன்பே பணம் கட்டிப் பிடித்திருந்ததால், ஆள் எடுக்காதவர்களும் பதாகையோடு வந்து நின்றார்கள். சிரித்தார்கள், பேனா கொடுத்தார்கள். பதாகையை நம்பிப் பயணப்படக் கூடாது. அந்த நிறுவனத்தில் புதிய பயிற்சி வகுப்புகள் ஓடுகின்றனவா என்று, அண்மையில் சேர்ந்த ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டாலே தெரிந்துவிடும்.

எந்த முகாம் என்பதும் முக்கியம். சில, வேலைக்காகவே நடத்தப்படுபவை. ஒரே நாள், ஒரே கூடம். பெண் விமானிகளின் அமைப்பு, 1976இல் கறுப்பின விமானிகள் தொடங்கிய ஓபாப் போன்றவை நடத்தும் மாநாடுகள் வேறு வகை. அவற்றில் யாரும் கலந்துகொள்ளலாம், பெரிய நிறுவனங்கள் மூத்த ஆட்களையே அனுப்புகின்றன. ஆனால் அந்த அமைப்புகள் இருப்பதன் காரணத்தைப் பற்றிக் கொஞ்சமும் அக்கறையில்லாமல், ஸ்டால் கூடத்துக்குள் மட்டும் ஓடி வெளியேறுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான். உறுப்பினராகி இரண்டு அமர்வுகளில் உட்காருங்கள். வரிசையில் கிடைக்காத அறிமுகம் அங்கே காபி மேசையில் கிடைக்கும்.

செலவு என்றால் எல்லாரும் பணத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் பறப்பவருக்கு ஜம்ப்சீட் இருக்கிறது, காக்பிட்டின் கூடுதல் இருக்கையில் பெரும்பாலும் காசில்லாமல் போய்விடலாம். விடுமுறை நாள்தான் அருமை. மாதப் பணி அட்டவணைக்கு முந்தைய மாதமே ‘பிட்’ போட்டு விருப்பத்தைச் சொல்ல வேண்டும், பட்டியலின் அடியில் இருப்பவருக்குக் கேட்ட நாள் கிடைக்காது. ஒரு ரீஜனலில் துணை விமானியாக இருக்கும் தம்பி ஒருவன் போன இலையுதிர் காலத்தில் கேட்டான்: “அண்ணா, யாரிடமாவது நாள் மாற்றிக்கொண்டாவது போய் வரட்டுமா?” அப்போது இன்னும் சில வாரங்களில் அவனுக்குக் கேப்டன் பயிற்சி. போன முகாமில் பேசியதற்குப் பிறகு கோப்பில் புதிதாக ஒன்றுமில்லை. “இப்போது போய் என்னடா சொல்லப் போகிறாய்? கேப்டனாகி நூறு மணி பறந்துவிட்டு அடுத்ததற்குப் போ” என்றேன்.

நம் ஊரிலிருந்து ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நிலையாக வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்பதுதான் அந்த மேசைகளில் முதல் கேள்வி. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அதைத் தாண்டிய உரையாடல் கிடையாது. அந்தப் பணத்தை இந்தியாவில் உரிமத்தை மாற்றும் டிஜிசிஏ தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போய் வந்தவர்கள் பலர் நன்றிக் கடிதம் அனுப்புகிறார்கள். தவறில்லை, அதற்காகக் குறிப்பு மாறுவதுமில்லை. அன்றிரவே ஓட்டல் அறையில் விண்ணப்பத்தைத் திறந்து மணிநேரத்தைப் புதுப்பித்துவிடுங்கள். எங்கள் குறிப்பைப் பார்த்து இன்னொருவர் கோப்பைத் திறக்கும்போது, மேசையில் நீங்கள் சொன்ன எண்ணும் அங்கே இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.