குளமங்கலத்துக் காகிதப் பூ

சென்னைக்கு காமிக் கான் முதன்முதலாக வந்தது 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு. 2011இல் டெல்லியில் தொடங்கி மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என்று சுற்றிய விழா அது. பெயரில் காமிக்ஸ் இருந்தாலும், அங்கே என் கண்ணில் பட்டவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற அனிமே பிள்ளைகள்தான். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் வேடம் கட்டிக்கொண்டு போனோம். வாழ்க்கையில் மிகவும் மகிழ்ந்திருந்த நாள் எது என்று யாராவது கேட்டால், அந்தச் சனிக்கிழமையைத்தான் முதலில் சொல்வேன். ஏன் அவ்வளவு மகிழ்ச்சி என்று பிறகு நெடுநாள் யோசித்தேன். யோசித்ததில் விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தலைமுறைக்கு ஜப்பான் தமிழ் பேசிக்கொண்டே வந்தது. ஹங்காமாவில் ஷின்-சானும் டோரேமானும் தமிழில் பேசினார்கள். அவர்கள் எந்த நாட்டுப் பிள்ளைகள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. கல்லூரிக்கு வந்த பிறகு எங்கள் நால்வரையும் சேர்த்துவைத்தது ‘டீமன் ஸ்லேயர்’. கொயோஹரு கோதோகே 2016 முதல் 2020 வரை ஜப்பானிய வார இதழ் ஒன்றில் வரைந்த கதை அது. 2019இல் யூஃபோடேபிள் நிறுவனம் அதை அனிமேவாக எடுத்தது. அசுரனிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த தான்ஜிரோ, அசுரியாக மாறிவிட்ட தங்கை நெசுகோவைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, அவளை மறுபடி மனுஷியாக்க வழி தேடி அலைகிறான். அண்ணன் தங்கை கதை என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டுக்கொள்வோம். ஆலங்குடி தான்ஜிரோவானான். அறந்தாங்கி, வாயில் மூங்கில் கவ்விய நெசுகோ. பொன்னமராவதி, காட்டுப்பன்றித் தலை மாட்டிய இனோசுகே. கீரமங்கலம் பக்கத்துக்காரியான எனக்கு ஷினோபு. அசுரரின் கழுத்தை வெட்டும் வலு தன் கைக்கு இல்லாததால், விஸ்டீரியாப் பூவிலிருந்து எடுத்த நஞ்சால் அவர்களைக் கொல்பவள் ஷினோபு. அந்தக் கதையில் விஸ்டீரியா பூத்த இடத்தை அசுரர் நெருங்க மாட்டார்கள்.

வேடத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை, நாமே செய்வோம் என்று முதல் நாளே பேசிவைத்துக்கொண்டோம். தான்ஜிரோவின் மேலங்கிக்குப் பச்சையும் கறுப்புமாகக் கட்டம் வேண்டும். கீழ ராஜ வீதியில் பச்சைப் பாப்ளின் எடுத்து, டேப் ஒட்டிக் கட்டம் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்புச் சாயம் பூசினோம். பழைய தினசரிகளை ஊறவைத்து இடித்து, மைதாப் பசை சேர்த்து, பொன்னமராவதி பன்றித் தலை பிடித்தான். அது காய்ந்து முடிக்கும்வரை அவன் வீட்டு மொட்டைமாடியில் யாரும் வற்றல் போடவில்லை. வாள்களுக்குப் பிளாஸ்டிக் குழாயின் மேல் ஃபோம் அட்டை சுற்றினோம். இரும்போ கூரான பொருளோ கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஒப்பனைக்கு ஊரிலேயே ஆள் இருந்தார். புதுக்கோட்டைச் சீமையில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவாவது நாடகம் வைப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் இன்றும் எங்கள் பக்கம் விடிய விடிய நடக்கிறது. அந்த மேடைகளில் முருகனுக்கும் நாரதருக்கும் முகம் எழுதுகிறவர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். “மாமா, இது ஜப்பான் வேஷம்” என்று படத்தைக் காட்டினோம். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்தார். டோப்பாவின் ஓரத்தை ஸ்பிரிட் கம் வைத்து நெற்றியோடு படியவைக்கும் விதம், வியர்வையில் கரையாமல் பவுடரை ஒற்றும் விதம், தேங்காய் எண்ணெய் தொட்டு ஒப்பனையைக் கலைக்கும் விதம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். தான்ஜிரோவின் நெற்றித் தழும்பை விரலாலேயே தீட்டினார். கிளம்பும்போது ஆலங்குடியைப் பார்த்து, “முகத்துக்கு மட்டும் வேஷம் கட்டுனா பத்தாது தம்பி, நடைக்கும் கட்டணும். மேடைய விட்டு இறங்கி நின்னாலும் முருகன் முருகனாத்தான் நிக்கணும்” என்றார். அன்றிலிருந்து ஆலங்குடி தான்ஜிரோவைப் போலவே நிமிர்ந்து நடக்கவும் பணிந்து வணங்கவும் பழகினான்.

என் பொறுப்பு விஸ்டீரியாப் பூ. எங்கள் வீட்டில் காகிதப் பூ மாலை கட்டுவார்கள். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைக்கு, மாசி மகத்தன்று காகிதப் பூ மாலை சாத்துவது எங்கள் வட்டாரத்து வேண்டுதல். அவ்வளவு உயரக் குதிரைக்கேற்ற நீளத்தில் மாலை கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சாத்துவார்கள். தை பிறந்துவிட்டால் எங்கள் திண்ணை முழுக்க வண்ணத் தாளும் கத்தரிக்கோலும்தான். விளையாட்டோடு விளையாட்டாக நானும் அந்த வேலையில் கை பழகியவள்.

விஸ்டீரியாவை நான் நேரில் கண்டதில்லை. படத்தில் அது சரஞ்சரமாகத் தொங்கும் ஊதாப் பூ. தேடிப் படித்ததில், அது நம் அவரையின் குடும்பத்துக் கொடி என்று தெரிந்தது. கொல்லைப் பந்தலில் அவரை அப்போது ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. ஒரு பூவைப் பறித்து, இதழ் இதழாகப் பிரித்துத் தாள்மேல் வைத்து, அந்த வடிவத்திலேயே வெட்டினேன். சரத்தின் மேற்புறம் நன்றாக விரிந்த பூக்கள், கீழே போகப்போகச் சிறுத்து நுனியில் மொட்டுகள் என்று கோத்தேன். அப்பா ஒரு சரத்தைக் கையிலெடுத்தார். “ஏந்தாயி, இது எந்த ஊருப் பூ?”

“ஜப்பான் பூப்பா. இது இருக்குற இடத்துல பேய் அண்டாதாம்.”

“அப்ப நம்ம அய்யனாருக்கும் ஆகும்” என்று சொல்லி, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போடத் தொடங்கினார்.

வெள்ளி இரவு புதுக்கோட்டையில் ரயில் ஏறினோம். பன்றித் தலைக்கு மேல் படுக்கையைக் கொடுத்துவிட்டுப் பொன்னமராவதி எழும்பூர்வரை உட்கார்ந்தே வந்தான். மெட்ரோவில் ஆலந்தூர் போய், அறந்தாங்கியின் அத்தை வீட்டில் வேடம் கட்டிக்கொண்டோம். அந்த அத்தை கொண்டை ஊசியை வாயில் வைத்துக்கொண்டு எனக்குத் தலை சீவிவிட்டார். “நல்லா இருக்கீங்க, திருஷ்டி பட்டுறப் போகுது” என்று எங்களைச் சுற்றி நெட்டி முறித்தபோதே எனக்குத் திருவிழா தொடங்கிவிட்டது.

வர்த்தக மையத்துக்குள் நுழைந்ததும் எங்களை முதலில் கண்டுகொண்டது இன்னொரு தான்ஜிரோ. அவன் கையசைத்ததும் எங்கிருந்தோ வேறு தான்ஜிரோக்களும் வந்துவிட்டார்கள். மதுரை, கோவை, பாண்டிச்சேரி என்று ஆளுக்கொரு ஊர். ஒவ்வொருவரும் கட்டத்தை எப்படிப் போட்டார்கள் என்பதைப் பற்றியே பேச்சு. ஒருவன் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தான், ஒருவன் அச்சுக் கட்டையால் பதித்திருந்தான். பெயர் கேட்கும் முன்பே தையலைக் கேட்டுக்கொண்டோம்.

அப்பா தோளில் உட்கார்ந்து வந்த ஒரு சிறுமி அறந்தாங்கியைப் பார்த்ததும் கீழே இறங்கிவிட்டாள். வெயில் பட்டால் அசுரர் எரிந்துபோவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. “நெசுகோக்கா, இவ்ளோ வெயில்ல வந்தீங்களே, ஒண்ணும் ஆகலையா?” என்று உண்மையான கவலையோடு கேட்டாள். வாயில் மூங்கில் இருந்ததால் அறந்தாங்கி பேசாமல் தலையை மட்டும் ஆட்டினாள். ஆலங்குடி மண்டியிட்டு, “பெட்டிக்குள்ள வச்சு மூடித் தூக்கிட்டு வந்துட்டேன் பாப்பா” என்றான். சிறுமி பெருமூச்சு விட்டு நெசுகோவைக் கட்டிக்கொண்டாள். நடைக்கும் வேஷம் கட்டச் சொன்ன மாமாவை அந்த நொடியில் நன்றியோடு நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களைப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். வேடமணிந்தவரின் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்பதைப் பல நாட்டு விழாக்களில் பலகையிலேயே எழுதி வைக்கிறார்கள். கூட்டம் என்றாலே முழங்கையை மடக்கி முன்னால் வைத்துக்கொண்டு நடக்கப் பழகிய அறந்தாங்கி, மதியத்துக்குமேல் கையை வீசி நடந்தாள். அவளை அப்படிப் பார்த்தது எனக்கு அந்த நாளின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

பன்றியின் மூக்கு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியபோது, கவசம் அணிந்த முன்பின் தெரியாத ஓர் அண்ணன் பையிலிருந்து பசைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, சுவரோரம் பிளக் பாயிண்ட் தேடி ஓடினார். பசை சூடாகும் நேரத்தில் என் கையிலிருந்த பூச்சரத்தை இரண்டு கல்லூரிப் பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். “எந்தக் கடையில வாங்குனீங்க?” என்று கேட்டார்கள். வீட்டில் செய்தது என்றதும், “சொல்லித் தருவீங்களா?” என்றார்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பழுது பார்க்கவென்று கொண்டுபோயிருந்த ஊதாத் தாளையும் நூலையும் எடுத்தேன். தாளை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும், கத்தரியை அசைக்காமல் தாளை எப்படித் திருப்ப வேண்டும், எந்த இடத்தில் கிள்ளினால் இதழ் குழிந்து நிற்கும் என்று அப்பா எனக்குச் சொன்ன சொல்லாலேயே அவர்களுக்குச் சொன்னேன். இருவர் நால்வரானார்கள், சற்று நேரத்தில் ஒரு வட்டமே கூடிவிட்டது. மேடையில் வேடப் போட்டிக்குப் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டும் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. தான் கட்டிய முதல் பூவை டோப்பாவில் செருகிக்கொண்டு ஒரு பெண், “இதை எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாள். குளமங்கலத்துக் குதிரையைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னேன். ஜப்பான் கதைக்காக வந்த பிள்ளைகள் அய்யனார் கதையைக் கண்ணிமைக்காமல் கேட்டார்கள்.

அந்த நாளின் நினைவுகளில் எனக்கு உயிரானது இதுதான். காரணமும் இதிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட விழாக்கள் எப்படித் தொடங்கின என்று பாருங்கள். டோக்கியோவின் காமிக் மார்க்கெட் 1975 டிசம்பரில் தொடங்கியபோது பங்கெடுத்தவை 32 குழுக்கள், வந்தவர்கள் சுமார் 700 பேர். தாங்களே வரைந்து அச்சடித்த சிறு புத்தகங்களை ரசிகர்கள் அங்கே ரசிகர்களுக்கே விற்றார்கள். அதற்கும் முன்னால், 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் வேடமணிந்து நடந்தார்கள் மிர்ட்டில் டக்ளஸும் ஃபாரஸ்ட் ஆக்கர்மனும். அந்த உடைகளை மிர்ட்டில் டக்ளஸே தைத்தார். ஆக, இந்த விழாக்கள் கைவேலை செய்தவர்களால் பிறந்தவை. பார்க்க மட்டும் போகிறவருக்குக் காட்சி கிடைக்கும். ஏதோ ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போகிறவருக்கு மனிதர்கள் கிடைப்பார்கள். ஒரு கதைமேல் நமக்குள்ள பிரியம் நம் மனசுக்குள் இருக்கிறவரை அது நமக்கு மட்டுமே தெரியும். அது ஒரு தையலாக, ஒரு பூவாக, ஒரு படமாக வெளியே வந்தால்தான் இன்னொருவர் வந்து தொட்டுப் பார்க்க முடியும்.

அதற்கு வேண்டிய கையும் கருவியும் எங்களுக்கு வெளியூரிலிருந்து வரவில்லை. நாடக ஒப்பனை, மைதாப் பசை, காகிதப் பூ, அத்தையின் கொண்டை ஊசி எல்லாம் எங்கள் சீமையில் ஏற்கெனவே இருந்தவை. ஜப்பானியக் கதை ஒன்று எங்களை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்துத் தொழில் படிக்கச் சொன்னது. அடுத்த சனிக்கிழமையே மாசி மகம். சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டும் மாலையில் அப்பா அந்த வருஷம் ஓர் ஊதா வரிசையையும் சேர்த்தார். யாராவது கேட்டால், “எம்மக கொண்டாந்த பூ” என்று சொன்னார்.

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழிலும் திரைக்கு வந்தது. நால்வரும் சேர்ந்து பார்த்தோம். திரையில் விஸ்டீரியா நஞ்சு என்ற பேச்சு வந்தபோது, ஆலங்குடி என் கையைத் தட்டினான். அடுத்த வேடத்துக்குப் பேச்சும் அன்றே தொடங்கிவிட்டது. சித்தன்னவாசல் அறிவர் கோயில் தூணில், 9ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் ஆடிக்கொண்டிருக்கும் நடனப் பெண்ணாக வர அறந்தாங்கி ஆசைப்படுகிறாள். அவள் தலைக்கோலத்தையும் நகைகளையும் பார்த்து வரைந்து வர நோட்டும் பென்சிலுமாக அங்கே போய் வருகிறோம்.

இப்படியொரு விழாவுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, நுழைவுச்சீட்டு எடுத்த கையோடு ஊசி நூலையும் எடுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் சொந்தமாக ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தைக்கவும் முடையவும் வரையவும் தெரிந்தவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். அவரிடம் போய்ப் படத்தைக் காட்டி, இதைச் செய்ய எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள்.