செங்கல்லும் வேண்டாம், மரமும் வேண்டாம்!

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள், விழுப்புரத்தைத் தாண்டியதும் கோட்டை நினைப்பாகவே போய்விடுகிறார்கள். அடுத்த தடவை வழியில் மண்டகப்பட்டில் அரைமணி நேரம் இறங்கித்தான் பாருங்களேன்!

கோபுரம் எதுவும் உங்களை வரவேற்காது. ஒரு பாறை, அதைக் குடைந்த மண்டபம், இரு கோடியிலும் கம்பீரமாகத் துவாரபாலகர்கள். உள்ளே மூன்று அறைகள். மூன்றும் காலி.

7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் இது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் ஆலயம் எடுத்ததாக வடமொழியில் கல்வெட்டும் பொறித்திருக்கிறான். அதில் அவன் பெயர் 'விசித்திரசித்தன்'. பொருத்தமான பெயர்தான்!

வீடு கட்டிய யாரையும் கேளுங்கள்: அந்த நான்கையும் நீக்கினால் என்ன மிஞ்சும்? உலகத்தைப் பற்றியே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் விஞ்ஞானிகள். அணுக்கருவின் செங்கற்கள் புரோட்டானும் நியூட்ரானும். அவற்றையும் உருக்கிவிட்டால்?

ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், பூமிக்கடியில் ஈய அணுக்கருக்களை மோதவிடுகிறார்கள். சூரியனின் மையத்தைப்போல் 1 லட்சம் மடங்குக்கும் மேலான சூடு! இமைப்பொழுதில் கோடியில் ஒரு பங்குகூட இராது. உருகியதெல்லாம் ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறிவிடும். உருகியது எப்படி இருந்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு அப்பளங்களைச் சற்று விலக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். படிந்த இடம் வாதுமைப் பருப்பு வடிவில் இருக்கிறதல்லவா? கருக்கள் ஓரமாக மோதும்போதும் அந்த வடிவந்தான். உள்ளே இருப்பவை தாளிக்கிற கடுகுபோலத் தனித்தனியே வெடித்தால், எல்லாத் திசையிலும் சமமாகத் தெறிக்கும். ஒன்றையொன்று நெருக்கி வெள்ளமாகப் பாய்ந்தாலோ, பருப்பின் கூர்முனைகளைவிட அகன்ற பக்கங்களில் அதிகம் வெளிவரும்; நடுவிலிருந்து விளிம்பு அங்கேதான் கிட்டம்.

ஒவ்வொரு மோதலிலும் பருப்பு ஒவ்வொரு விதமாகச் சாய்ந்திருக்கும். ஆகவே துகள்களை இரண்டிரண்டாக எடுத்து, அவற்றின் திசைகளுக்கு இடையேயுள்ள கோணத்தைக் கணக்கிடுகிறார்கள். இப்படி ஓட்டத்தை அளக்கும் முறைகளில் ஒன்றை 2003-இல் வகுத்த மூவரில், மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்து பாலேராவும் ஒருவர்.

விடை என்ன? வாயுவாக இருக்கும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். தங்கக் கருக்களை மோதவிட்ட அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடம், 2005-இல் அது திரவம் என்று அறிவித்தது. அதுவும் பிசுக்கே இல்லாததுபோல் ஓடும் திரவம்! 2010-இல் ஜெனீவாவின் ஈய மோதல்களிலும் அந்த வெள்ளமே தெரிந்தது.

செர்ன் வளாகத்தில், இந்தியா அளித்த நடராஜர் சிலை 2004 முதல் நிற்கிறது. மண்டகப்பட்டின் அறைகளோ வெறுமையாக இருக்கின்றன. ஆனால் அந்த வெற்றறை முன் நிற்கும்போது, எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது என்று மனம் சொல்கிறது. குழந்தைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.