பெல்லட்டும் டையும் பின்னே ஒரு அப்பனும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம். (எங்க டூல் ரூமில் ஆணி, போல்ட்டு, பஞ்ச், டை எல்லாம் நிஜமாகவே கிடப்பதால், இதை நான் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.) போன வருஷம் ஆபீஸ் போக மீதி நேரத்தை எல்லாம் ஒரு ஈயத்துண்டு தின்றுவிட்டது. எடை அரை கிராம் சொச்சம். தடிமன் நாலரை மில்லிமீட்டர். அந்தக் கதைதான் இது. பிள்ளைகளை ரைஃபிள் ஷூட்டிங்கில் சேர்த்திருக்கும் அப்பா அம்மாக்களுக்குக் கொஞ்சம் உபயோகப்படும். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. கோயமுத்தூர்ப் பக்கம் டிப்ளமோ முடித்து புனே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வேலை, பிரஸ் டூல் டிசைன். தகட்டை வைத்து ஓங்கி அடித்தால் மூடியாகவும் கொக்கியாகவும் வெளியே விழுமே, அந்த அச்சு. பத்து மைக்ரான் தப்பினால் பர் வரும். பர் வந்தால் கஸ்டமர் வருவார். அதனால் எதைப் பார்த்தாலும் அளவெடுக்கிற வியாதி எனக்கு உண்டு. தோசையின் தடிமன் பற்றி ஒரு முறை கருத்துச் சொல்லிவிட்டு இரண்டு நாள் உப்புமா சாப்பிட்டிருக்கிறேன்.

மகளை மூன்று வருஷம் முன்னால் ஸ்கூலில் இருந்து பாலேவாடி கூட்டிப் போனார்கள். 1994 தேசிய விளையாட்டுப் போட்டி நடந்த வளாகம். அங்கே ஷூட்டிங் ரேஞ்சைப் பார்த்துவிட்டு வந்தவள், "அப்பா, எனக்கு இதுதான் வேணும்" என்று உட்கார்ந்துவிட்டாள். தங்கமணி ஒத்துக்கொள்ளவில்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து, டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கும் போன இளவேனில் வாலறிவன் பற்றி எடுத்துச் சொன்னேன். நம்மை மாதிரியே ஊர் விட்டு வந்த குடும்பம் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தாள். 2024 ஆகஸ்டில் நம்ம பக்கத்துக் கோலாப்பூர்ப் பையன் ஸ்வப்னில் குசாலே பாரிஸில் வெண்கலம் வாங்கியதும் வீட்டில் எதிர்க்கட்சியே இல்லாமல் போனது.

சொசைட்டி செகரட்டரிதான் லிஃப்டில் அந்த நீளப் பெட்டியைப் பார்த்து மிரண்டார். 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டாம், வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்திருக்கிறோம் என்று பில்லைக் காட்டி ஒருவழியாகச் சமாதானம் செய்தேன். செகண்ட் ஹேண்ட் ரைஃபிள்தான். அதற்கே பி.எஃப்.பில் கை வைக்க வேண்டி வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அதைத் தொட்டால் 10.0. அங்கிருந்து மையத்தை நோக்கி ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடும். உச்சம் 10.9. போட்டியில் 60 குண்டு. (பெண்களுக்கு 2018க்கு முன்னால் 40தான்.) எல்லாமே 10.9 என்றால் 654. என் மகள் போன வருஷம் ஆரம்பத்தில் 618 வரை வந்துவிட்டாள். ஸ்டேட் மேட்சில் தேறி அடுத்த கட்டம் போவாள் என்று கோச்சே சொன்னார்.

ஜூன் மாதம் 611. ஜூலையில் 606. அப்புறம் 603.

அந்தச் சமயத்தில்தான் பழைய பெல்லட் டப்பா தீர்ந்து புது லாட் வந்திருந்தது. எனக்குள்ளே இருந்த டூல் ரூம் ஆசாமி விழித்துக்கொண்டான். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று ஒரே சந்தோஷம்!

பெல்லட் பார்க்க உடுக்கை மாதிரி இருக்கும். முன்னால் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளே குழிவான மெல்லிய பாவாடை. தலையின் அளவு டப்பாவில் போட்டிருக்கும்: 4.49, 4.50, 4.51 என்று நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில். எந்த அளவு நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது. உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் நல்லது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, வேறு லாட் என்றால்கூட குழல் முகம் சுளிக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் ஆர்.டபிள்யூ.எஸ். போடுகிறான், எதிர் வீட்டுப் பெண் எச் அண்ட் என் போடுகிறாள் என்று வாங்குவதில் அர்த்தமே இல்லை.

கண்டுபிடிக்க ஒரே வழி, ரைஃபிளை வைஸில் கட்டி 10 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்ப்பது. மூன்று அளவிலும் ஒவ்வொரு டப்பா வாங்கினேன். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்ததில் 4.51க்கு 6.9 மி.மீ., 4.50க்கு 6.2, 4.49க்கு 5.6. குண்டே 4.5 மி.மீ. என்பதால் 5.6 என்பது ஏறக்குறைய ஒரே ஓட்டை. அந்த லாட்டிலேயே ஆறு டப்பா வாங்கிப் போட்டேன்.

அடுத்த வாரம் மகள் அடித்தது 604.

மனுஷன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது? டெக்சஸில் இருக்கும் மச்சான் (தங்கமணியின் அண்ணன்) அந்த வாரம் போன் பண்ணினார். அங்கே அவர் பெரிய ரைஃபிளுக்குச் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து வீட்டு கராஜிலேயே மறுபடி நிரப்புகிறவர். வீடியோவில் டையைக் காட்டினார். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து அறையின் அளவுக்கு வந்துவிடும். டையில் அழுத்தினால் பழைய அளவுக்கு வரும். கூட்டை முழுசாக அழுத்தும் டை ஒன்று, கழுத்தை மட்டும் அழுத்தும் டை ஒன்று. எண்ணெய் போதாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். டையை அதிகமாக இறக்கி, கூட்டின் தோளை அளவுக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டால் சில தடவையிலேயே அடிப்பக்கம் விரிசல் விடும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எச்சில் ஊறியது. டை பற்றி எனக்கேவா!

யோசனை வந்துவிட்டது. பெல்லட்டையும் ஒரு டையில் தள்ளி எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினால்? ஓனரிடம் சொல்லிவிட்டு, மீந்து கிடந்த எச்.சி.எச்.சி. ஸ்டீல் துண்டில் வயர் கட் போட்டு, மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து லேப்பிங் செய்தேன். 4.49க்கு இரண்டு மைக்ரான் கூடக் குறைய இல்லாத துளை. என் சர்வீஸில் செய்த அழகான டைகளில் ஒன்று என்று சத்தியமாகச் சொல்வேன். ராத்திரி டைனிங் டேபிளில் உட்கார்ந்து இருநூறு பெல்லட்டை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். (ஈயம். சாப்பாட்டு மேசையில். தங்கமணி பார்த்துவிட்டுக் கொடுத்த டோஸ் தனிப் பதிவு.)

வைஸில் கட்டிச் சுட்டோம். குரூப் 9 மி.மீ.!

கோச் ரிட்டயர்டு சுபேதார், மராட்டிக்காரர். சிரிக்கவில்லை. ஒரு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "சாப், இந்தப் பாவாடை எதற்கு இருக்கு? காற்று பின்னால் வந்து தள்ளும்போது விரிந்து குழலைப் பிடிக்க. அதை நீங்களே ஒடுக்கிட்டா காற்று பக்கத்தில் ஓடிடும்."

அடச்சே என்றிருந்தது. மச்சானின் டை, உழைத்து விரிந்துபோன ஒன்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. அதுவும் கூட்டைத்தான், குண்டை இல்லை. நான் செய்தது, புதுசாக, மென்மையாக, சரியாக இருந்த ஒன்றைப் பிடித்து என் அளவுக்கு நெரித்தது. பித்தளை கொஞ்சம் திரும்பி வரும், ஈயம் வராது. முதல் வருஷ டிப்ளமோ பாடம்.

கோச் விடவில்லை. டையில் தள்ளாத 4.49 பெல்லட் பத்தை வைஸில் சுட்டு, ஸ்கோரை வாசிக்கச் சொன்னார். ஒன்றுகூட 10.7க்குக் கீழே இல்லை. "டப்பாவும் சரி, ரைஃபிளும் சரி. சாப், வைஸுக்குப் பின்னால் அப்பா நிற்பதில்லை" என்றார்.

சுருக்கென்றது. பதில் சொல்லாமல் பெட்டியை மூடினேன்.

அன்றைக்கே குழலில் சென்சார் மாட்டி, அவள் குறி பார்ப்பதைக் கம்ப்யூட்டர் திரையில் கோடாகக் காட்டினார். கோடு நடுவில் வந்து நிற்கிறது. ஐந்து விநாடி, ஆறு விநாடி. சுடவில்லை. பத்து. கோடு ஆட ஆரம்பிக்கிறது. பதினான்கில் சுடுகிறாள். 9.8. அத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக் கண்ணை அகல வைத்திருந்தால் யாருக்கும் ஆடும். முன்பெல்லாம் ஏழு விநாடிக்குள் விட்டுவிடுவாளாம். "நேரம் வரும்போது விடமாட்டேங்கறா. ஏன்னு எனக்குத் தெரியாது. நீங்க கேளுங்க" என்றார் கோச்.

வரும் வழியில் அம்ருததுல்ய டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். ரெண்டு டீ. அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

"நீங்க அம்மாகிட்ட ஒரு குண்டு மூணு ரூவான்னு கணக்குச் சொன்னீங்கல்லப்பா... அப்பறம் ட்ரிகர்ல விரல் வெச்சாலே மூணு ரூவா மூணு ரூவான்னு ஓடுது. நல்லா இருந்தாதான் விடணும், வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு..."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பறம் நீங்க பின்னாடி உக்காந்து ஒவ்வொண்ணையும் எழுதறீங்க. பேனா டிக் டிக்குனு கேக்குதுப்பா."

கணக்குச் சொன்னது நிஜம். டப்பா 1,500 ரூபாய், 500 குண்டு, ஒன்று மூணு ரூபாய், தினம் நூறு குண்டு. ஒரு ராத்திரி தங்கமணியிடம் புலம்பியது. பக்கத்து ரூமில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஜூன் மாதம்தான். என் நோட்டில் எல்லாத் தேதியும் இருந்தது. குண்டின் எடை, குரூப் அளவு, குழல் சுத்தம் செய்த நாள் எல்லாம் இருந்தது. அந்த ராத்திரி மட்டும் இல்லை. கேட்டிருந்தால் ஒரு டீயில் தெரிந்திருக்கும் விஷயத்துக்கு மூன்று மாதம் மைக்ரோமீட்டரோடு அலைந்திருக்கிறேன். பெல்லட்டை அளப்பது சுலபம், அது திருப்பி ஒன்றும் சொல்லாது.

ஊர் விட்டு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறதோ என்று தோன்றுகிறது. பெரியப்பா சித்தப்பா வீடு என்று பக்கத்தில் யாரும் கிடையாது. நாலு சுவர், மூணு பேர். நாம் போடுகிற கணக்கெல்லாம் பிள்ளைகள் காதில்தான் விழுகிறது.

அடுத்த நாளிலிருந்து ரேஞ்சுக்குள் போவதை நிறுத்தினேன். பார்க்கிங்கில் வண்டி மேல் உட்கார்ந்து போனை நோண்டுவது. ஸ்டேட் மேட்ச் அன்றைக்கும் அப்படியே. 613.4 அடித்தாள். தேறவில்லை, கொஞ்சத்தில் போய்விட்டது. வெளியே வந்ததும் ரெண்டு வடாபாவ் தின்றாள். எனக்குத்தான் இறங்கவில்லை. மூணு மாசத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இந்த வருஷம் மறுபடி போகிறாள். பயிற்சியில் என்ன ஸ்கோர் என்று நான் கேட்பதில்லை. போன வாரம் அவளாகவே வந்து 619 என்றாள். "சரிடா கண்ணு" என்றேன். பத்துக்கு எத்தனை, கடைசி சீரிஸ் என்ன என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஸ்கோர் விழுந்தால், என் அனுபவத்தில் பார்க்க வேண்டிய வரிசை இது. ஸ்டாக் திருகுகளும் சைட்டும் இறுக்கமா? சிலிண்டரில் காற்றழுத்தம் இருக்கிறதா, அதன் மேல் குறித்திருக்கும் காலாவதித் தேதி தாண்டவில்லையே? குழலுக்குள் ஃபெல்ட் விட்டுத் துடைத்து எவ்வளவு நாளாச்சு? கீழே விழுந்த பெல்லட்டைப் பொறுக்கிப் போடுகிறார்களா? (பாவாடை நசுங்கியிருக்கும், போடவே கூடாது.) அப்புறம் வைஸில் கட்டி ஒரே ஒரு தடவை பெல்லட்டைச் சோதியுங்கள். குரூப் சரியாக வந்தால் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையோடு ஒரு டீ குடியுங்கள். நான் தலைகீழாகப் போனேன். முடிந்தால் நீங்கள் டீயில் ஆரம்பியுங்கள்.

டிஸ்கி 1: பெல்லட் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. டைனிங் டேபிள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இது ஹோம் மினிஸ்டர் உத்தரவு.

டிஸ்கி 2: அந்த டை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பூஜை அலமாரியில் ஊதுபத்தி ஸ்டாண்டாக இருக்கிறது. நாலரை மில்லிமீட்டர் துளைக்கு ஊதுபத்திக் குச்சி ரொம்ப மெலிசு, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை.