செர்ரி பீர்... ஆனால், இனிக்காது!

சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. மேலே ரோஸ் மில்க் நிறத்தில் நுரை. பக்கத்தில், ஒரு பிரம்புக் கூடையில் பாட்டில் சாய்ந்து படுத்திருக்கிறது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குச் சுற்றுலா வந்த ஒருவர், 'செர்ரி பீர்' என்று கேள்விப்பட்டு முதன்முறையாக இந்தக் கிளாஸைக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நினைப்பில் இருப்பதெல்லாம் கேக் மேல் வைக்கிற செர்ரியும் ஐஸ்க்ரீமும்தான்.

ஒரு வாய் குடிக்கிறார். முகம் அஷ்டகோணலாகிறது!

அரிநெல்லிக்காயைக் கடித்ததுபோல தாடையின் இரண்டு ஓரமும் கூசுகிறது. சர்க்கரையா, பேச்சுக்குக்கூட இல்லை. மூக்கில் முதலில் ஏறுவதும் பழ வாசனை இல்லை. ஈர வைக்கோல், பழைய மரப்பெட்டி, கொஞ்சம் குதிரை லாயம். 'கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்களோ?' என்று சந்தேகம் வந்தால், அவர்மீது தப்பில்லை. இதன் பெயர் கிரீக். ஃபிளெமிஷ் மொழியில் புளிப்புச் செர்ரி என்று அர்த்தம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பது நமக்குச் சுலபமாகப் புரியும். இட்லி மாவுக்கு யாராவது ஈஸ்ட் வாங்கிப் போடுகிறோமா? அரைத்து, கரைத்து, மூடி வைத்தால் காலையில் பொங்கியிருக்கிறது. கிரீக்குக்கு அடிப்படையான 'லாம்பிக்' பீரும் அதே கதைதான். மற்ற பீர்களுக்கு ஈஸ்ட்டை ஆய்வகத்தில் வளர்த்து அளந்து போடுவார்கள். லாம்பிக்குக்குப் போடுவதில்லை. முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத கோதுமையையும் காய்ச்சி, அந்தக் கரைசலை ஆழம் குறைந்த ஒரு பெரிய தொட்டியில் ஊற்றி, ராத்திரி முழுக்கத் திறந்தே ஆற வைப்பார்கள். சென் நதிப் பள்ளத்தாக்கின் காற்றில் வரும் நுண்ணுயிர்கள் அதில் வந்து விழும். காலையில் ஓக் பீப்பாய்க்கு மாற்றினால், மிச்ச வேலையை அவை பார்த்துக்கொள்ளும். மாசக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில்.

பிரஸ்ஸல்ஸின் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் 'கான்டியோன்' என்ற ஆலை இருக்கிறது. 1900-ல் தொடங்கியது. இன்றும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது, 1978 முதல் அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. கோடையில் செர்ரிப் பழங்கள் வந்ததும், ஏறக்குறைய ஒன்றரை வருடம் பழகிய லாம்பிக்கில் அவற்றை முழுசாகப் போடுகிறார்கள். ஒரு லிட்டருக்கு 200 கிராம் பழம், கொட்டையோடு! பழ வாசனைக்கு ஈக்கள் மொய்க்குமே, என்ன செய்வது? மருந்து அடிப்பதில்லை. பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்கிறது. ஒட்டடை அடிக்காததற்கு இவ்வளவு நல்ல காரணம் வேறு எந்த வீட்டிலும் கிடைக்காது.

செர்ரியில் இருக்கிற சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. மிஞ்சுவது நிறமும் புளிப்பும் வாசனையும். அதனால்தான் முதல் வாயில் ஏமாந்தவர், மூன்றாவது வாயில் நிதானிக்கிறார். கூச்சம் அடங்கியதும், செர்ரித் தோலின் லேசான துவர்ப்பு தெரிகிறது. அதற்கும் பின்னால் பாதாம் போல ஒரு மெல்லிய வாசனை. அது கொட்டை கொடுத்தது. நாவற்பழம் தின்ற பிறகு நாக்கில் ஓர் உலர்ந்த பிடிப்பு நிற்குமே, கடைசியில் அப்படி ஒன்று நிற்கிறது. கசப்பு அநேகமாக இல்லை. பாட்டிலைச் சில வருடங்கள் வைத்திருந்து திறந்தால், பழம் பின்வாங்கி, சிவப்பு மங்கி, லாம்பிக் முன்னால் வந்துவிடும். செர்ரிக்காகக் குடிப்பவர்கள் புதுசாகவே குடித்துவிடுவது நல்லது.

கடைகளில் சுலபமாகக் கிடைப்பது வேறு வகை, இனிப்புக் கிரீக். லிண்டமன்ஸ் நிறுவனத்தின் கிரீக்கில் ஆல்கஹால் 3.5 சதவிகிதம்தான். குடித்தால் பழச்சாறு ஞாபகம் வரும். முதல் வாயிலேயே பிடித்துவிடும். இரண்டாவது கிளாஸில் திகட்டும் என்பதுதான் அதன் சிக்கல். அதே நிறுவனம் இனிப்பில்லாத 'அவுட கிரீக்'கும் செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டிலில் இந்த 'அவுட', அதாவது 'பழைய' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 1997-ல் இருந்து ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கும் பெயர் அது.

இனிப்பு கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. அந்தக் காலத்து பிரஸ்ஸல்ஸ் கஃபேக்களில் லாம்பிக்கோடு சர்க்கரைக் கட்டியும், அதைக் கிளாஸுக்குள்ளேயே நசுக்க 'ஸ்டூம்பர்' என்ற சின்ன உலோகக் கம்பியும் கொடுப்பார்களாம். ஒரே வித்தியாசம், எவ்வளவு இனிப்பு என்பதைக் குடிப்பவர் முடிவு செய்தார்.

உண்மையான கவலை இனிப்பில் இல்லை. பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் விளைந்த சின்னஞ்சிறு செர்ரிதான் இதற்குப் பேர்போனது. அங்கிருந்து விவசாயிகள் கழுதைகள் மேல் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்ததால், ஸ்கார்பேக்குக்கு 'கழுதைகளின் ஊர்' என்ற பட்டப்பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. கழுதைகள் போயின, தோப்புகளும் வீடுகளாகிவிட்டன. கிரீக்குக்கான பழத்தில் பெரும்பகுதி இப்போது போலந்து போன்ற நாடுகளிலிருந்து வருகிறது.

பழத்தை இறக்குமதி செய்யலாம். குளிர்ந்த ராத்திரியை எங்கிருந்து வாங்குவது? மார்கழியில் மாவு பொங்கவில்லை என்று அடுப்புப் பக்கத்தில் வைக்கிறோம், சித்திரையில் விடிவதற்குள் புளித்து வழிகிறது. லாம்பிக்குக்கும் கணக்கு உண்டு. தொட்டி ஆறும் இரவில் வெப்பநிலை மைனஸ் 3 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால், தேவையில்லாத கிருமிகள் முந்திக்கொள்ளும். அதனால்தான் ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டும் காய்ச்சுகிறார்கள். கான்டியோனில் 1900-களின் தொடக்கத்தில் காய்ச்சுவதற்கு ஏற்ற நாள்கள் வருடத்துக்குச் சுமார் 165. இப்போது 140 அளவுக்கு இறங்கிவிட்டது. 2015 நவம்பரில் இரவுகள் குளிரவே இல்லை. வேலையை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தொட்டி காலியாகக் கிடந்தது.