பல்லும் நடையும்

'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்' என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட வேண்டாம். மூட்டை தூக்குகிறவரைச் சற்றுக் கவனியுங்கள். குனிந்து, மூச்சை அடக்கி, பல்லைக் கடித்த பிறகுதான் மூட்டை தரையை விட்டு எழும்பும். பாரம் முதுகுக்கும் தொடைக்கும். தாடைக்கு அங்கே என்ன வேலை?

வேலை இருக்கத்தான் இருக்கிறது. விரல்களைக் கோத்து இழுத்துக்கொண்டிருக்கும்போது முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளுகிறது என்று ஹங்கேரி நாட்டு வைத்தியர் யென்டிராசிக் 1885-இல் எழுதினார். பல்லை இறுகக் கடித்தாலும் அப்படியே. டாக்டர்கள் இன்றும் இந்த உபாயத்தைக் கையாளுகிறார்கள்.

இன்னொன்றை நீங்களே சோதிக்கலாம். அண்ணாந்து மெல்லக் கடித்துப் பாருங்கள். பற்கள் பின்னால் தள்ளிச் சேரும். தலையைக் கவிழ்த்துக் கடித்தால் முன்னால் வந்து சேரும். ஆக, தலை அசைந்தால் கடி மாறுகிறது. ஆனால் கடியை மாற்றினால் உடம்பே நிமிர்ந்துவிடும் என்பது வேறு பேச்சு. 1980-களில் அமெரிக்காவில் ஆட்டக்காரர்களின் பலத்தைக் கூட்டுவதாகச் சொல்லிப் பல்தட்டுகள் வந்தன. எது அசல், எது போலி என்று சொல்லாமல் இரண்டையும் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

என் நண்பரின் பெண் நெடுந்தூரம் ஓடுகிறவள். அவளுக்கு இடுப்பில் வலி. ஒரு பல் வைத்தியர், கடி கோணலாக இருப்பதால்தான் ஓட்டம் கோணுகிறது, கடைவாய்ப் பற்கள் நாலை இழைத்துவிட்டால் சரியாகும் என்றாராம்.

"இழைச்சுடலாமா ஸார்?" என்று கேட்டார் நண்பர்.

நான் பெண்ணைக் கேட்டேன்: "மெல்லும்போது வலிக்கிறதா அம்மா?"

"இல்லை, மாமா."

"ஓடும்போது பல்லைக் கடிப்பாயோ?"

அவள் சிரித்துவிட்டாள். "வாயைத் திறந்துண்டு மூச்சு வாங்கிண்டு ஓடறேன். எங்கே மாமா கடிக்கறது?"

நண்பர் பேசவில்லை. இழைத்த பல் மறுபடி வளராது. முறிந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் மூடும். பல்லின் மேல்பூச்சு போனால் போனதுதான். அதைக் கொடுப்பதற்கு முன், எதற்காகக் கொடுக்கிறோம் என்று இன்னொரு டாக்டரையாவது கேட்க வேண்டாமா?

கேட்டார்கள். இப்போது இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி நடக்கிறது. வலி பாதி குறைந்திருக்கிறது, மீதி இருக்கிறது. பற்கள் நாலும் முழுசாக இருக்கின்றன.