முன்கைத் தழும்பு

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், வேலூர்ச் சாலையோரத் தேநீர்க் கடையில், மாலை வெளிச்சத்தில் மலையைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தபோதுதான், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையொன்றில் பல வருஷங்கள் உழைத்து ஊர் திரும்பிய பெரியவர் ஒருவரின் முன்கையில் படர்ந்திருந்த தழும்பு என் கண்ணில் பட்டது. “மொதல்ல வலியே தெரியல தம்பி, வேலைய முடிச்சிட்டுக் கழுவிக்கலாம்னு இருந்துட்டேன்” என்றார்.

அவர் கையில் பட்டது, தோலின் ரோமத்தை நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடு; அது கடுமையான காரம். அமிலம் பெரும்பாலும் பட்ட மாத்திரத்திலேயே எரிந்து எச்சரிக்கும். காரமோ சதையைக் கரைத்துக்கொண்டு மௌனமாக ஆழத்துக்கு இறங்கும். நனைந்த உடையை உடனே களைந்து, 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருப்பதுதான் முதற் சிகிச்சை. உலர்ந்த சுண்ணாம்புத் தூளானால் முதலில் தட்டி அகற்ற வேண்டும். மையோ பற்பசையோ பூசவே கூடாது. அவர் நின்ற இடத்திலிருந்து குழாய் நூறடிக்கு அப்பால் இருந்ததாம். இது எவ்வளவு பெரிய அநியாயம்!

அதே இராணிப்பேட்டையின் சிப்காட் தொழிற்பேட்டையில், 2015 ஜனவரி 31 அன்று, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டதையும், அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பதையும் நினைவுகூர்ந்தேன். பெரியவர் துண்டை இறக்கி, அந்தக் கையை மூடிக்கொண்டார்.